வீட்டோட ஒரு ரூம் சேர்த்துக் கட்டப் போறீங்களா? புளியறை மாதிரி மலையடிவாரக் கிராமங்களில் அனுமதி வாங்குவது எப்படி?

மகனுக்குக் கல்யாணம் பேசியாச்சு, வீட்டில் இன்னொரு ரூம் வேணும். அல்லது வயதான அப்பா, அம்மாவுக்குக் கீழேயே கழிவறையோடு ஒரு அறை வேணும். கிராமத்தில் இதற்குப் பெரும்பாலும் நடப்பது என்ன? கொத்தனாரைக் கூப்பிட்டு, நாள் பார்த்து, வானம் தோண்டிவிடுகிறார்கள். "நம்ம இடம், நம்ம வீடு, இதுக்கு எதுக்கு பிளான் அப்ரூவல்?" என்பதுதான் பலரின் கேள்வி.

தென்காசி மாவட்டம் செங்கோட்டை ஊராட்சி ஒன்றியத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கும் புளியறையை எடுத்துக்கொள்வோம். மேற்கே மலையும் காடும், நடுவில் கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை, பக்கத்தில் செங்கோட்டை - புனலூர் ரயில்பாதை, சுற்றிலும் வயல். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ரூமுக்கான அனுமதி, ரூம் எவ்வளவு பெரிசு என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே அமையும். எதற்கு அனுமதி வேணும், எங்கே மாட்டிக்கொள்வோம், என்ன ஆவணம் தேவை? வாங்க, பார்க்கலாம்.

எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்?

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரையில் டைல்ஸ் போடுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்குக் கட்டட அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் வீட்டின் பரப்பளவு கூடினால் கதை வேறு. பின்பக்கம் புதிதாக ஒரு ரூம், மாடியில் ஒரு ரூம், திறந்த திண்ணையைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்குவது, இவை எல்லாமே கூடுதல் கட்டுமானம்தான். இதற்கு முன்அனுமதி வேண்டும். தமிழ்நாடு முழுவதும் இதற்கு அடிப்படையாக இருப்பது 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நகரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கிராம ஊராட்சிக்கும் இதே விதிதான்.

வீட்டு வரி ரசீது இருக்கே, போதாதா?

போதாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். பட்டா என்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான வருவாய்த்துறை ஆவணம். வீட்டு வரி ரசீது, நீங்கள் வரி கட்டியதற்கான சான்று. மின் இணைப்பு, மின்வாரியம் கொடுத்தது. இந்த மூன்றில் எதுவுமே கட்டட அனுமதி கிடையாது. கூடுதலாகக் கட்டிய அறைக்கு ஊராட்சி வரி போட்டுவிட்டதாலேயே அந்த அறை அனுமதி பெற்றதாகிவிடாது.

நிலம் எங்கே இருக்கிறது? முதலில் பார்க்க வேண்டியது 5

பிளான் வரைவதற்கு முன்பே இந்த ஐந்தையும் சரிபார்த்துவிடுங்கள். வரைபடத்துக்குச் செலவழித்த பிறகு தெரிந்தால் காசு வீண்.

1. மலையிடப் பாதுகாப்பு: சுருக்கமாக 'ஹாகா' என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் அமைக்கப்பட்டது. மலைப்பகுதி மற்றும் மலையடிவார வருவாய்க் கிராமங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள கிராமத்தில் கட்டுவதற்குச் சாதாரண நடைமுறையோடு கூடுதல் சரிபார்ப்பும் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் சொல்லி மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். நிலம் காப்புக்காட்டை ஒட்டி இருந்தால் எல்லைக் கல் எங்கே என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. ரயில்பாதை: ரயில்வே நில எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதாக இருந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். தண்டவாளத்திலிருந்து அளக்கக் கூடாது, ரயில்வே நிலத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் பல விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன.

3. தேசிய நெடுஞ்சாலை: ஊருக்கு வெளியே திறந்தவெளிப் பகுதிகளில் நெடுஞ்சாலையின் மையக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு என்பது சாலைத் துறையின் பொதுவான வழிகாட்டு அளவு. ரோட்டை ஒட்டி வீடு இருந்தால், முன்பக்கம் ரூம் எடுக்கும் யோசனையை நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். பிற்காலத்தில் சாலை அகலப்படுத்தினால் முதலில் அடிபடுவது முன்பக்க அறைதான்.

4. நீர்நிலை: ஓடை, வாய்க்கால், குளத்தங்கரை ஓரம் என்றால் புலப்பட வரைபடத்தில் அந்த நீர்வழி எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையும் பதிவேட்டில் ஓடைதான். ஆனி, ஆடி சாரலில் அது தன் வழியைத் தானே காட்டிவிடும்.

5. நஞ்சையா, நத்தமா?: கிராம நத்தத்தில் இருக்கும் வீடு என்றால் சிக்கல் குறைவு. வீட்டை ஒட்டிய வயல் பகுதிக்குள் அறையை நீட்டினால் அது விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது ஆகிவிடும். இதற்கென 2017-ல் தனி விதிகளே வந்திருக்கின்றன. நஞ்சை என்றால் நடைமுறை இன்னும் கடுமை.

மனைப்பிரிவில் வாங்கிய இடமாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: அது அங்கீகரிக்கப்பட்ட மனைதானா? 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் திட்டம் வந்தது. அப்படி வரன்முறை செய்யாத மனையில் கட்டட அனுமதி கிடைப்பது கஷ்டம்.

நிறையப் பேருக்கு எங்கே தட்டுப்படுகிறது?

தளப்பரப்புக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. மனையின் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்வது. சாதாரண உயரக் கட்டடங்களுக்கு இது 2. உதாரணமாக, 3 சென்ட் இடம் என்பது சுமார் 1,306 சதுர அடி. அப்போ எல்லாத் தளங்களையும் சேர்த்து சுமார் 2,600 சதுர அடி வரை கணக்கு இடம் கொடுக்கும். கிராமத்தில் 700, 800 சதுர அடி வீட்டோடு 120 சதுர அடி ரூம் சேர்ப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை.

தட்டுப்படுவது காலியிடத்தில்தான். வீட்டைச் சுற்றி முன்னும் பின்னும் பக்கத்திலும் விட வேண்டிய திறந்தவெளியை விதி சொல்கிறது. மனையின் அகலம், ரோட்டின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து அளவு மாறும். ஆனால் நாம் புது ரூம் எடுப்பதே அந்தக் காலியிடத்தில்தானே! பின்சுவரை அடுத்த வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டி எழுப்பினால் காற்றும் வெளிச்சமும் போகும், அண்ணன் தம்பி வீடாக இருந்தாலும் நாளைக்குத் தகராறும் வரும்.

அதனால் பின்பக்கம் இடம் குறைவு என்றால் மாடியில் எடுக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேட்பது நல்லது. அதற்கும் ஒரு நிபந்தனை: பழைய அஸ்திவாரமும் சுவரும் மேல்தளத்தின் எடையைத் தாங்குமா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டு வீட்டுக்காகப் போட்ட கல் அஸ்திவாரத்தின் மேல் கான்கிரீட் ரூம் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் நனையும் சுவர்கள் இருக்கும் ஊரில் இதை மேஸ்திரியின் வாய்வார்த்தையில் விட்டுவிடக் கூடாது.

தொகுப்பு வீடு என்றால்?

அரசுத் திட்டத்தில் கட்டிய வீடுகள் சின்னவை. பிரதமர் வீடு திட்டத்தில் கிராமப்புற வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. மாநில அரசின் கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. குடும்பம் பெருகினால் ஒரு ரூம் சேர்ப்பது தவிர வேறு வழியில்லை. கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அதற்கும் அனுமதி நடைமுறை உண்டு. இலவச வீட்டுமனைப் பட்டா நிலம் என்றால் பட்டாவில் எழுதியிருக்கும் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

உடனடி அனுமதி திட்டம் நமக்குப் பொருந்துமா?

2024 ஜூலை 22-ம் தேதி தமிழ்நாடு அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமலே அனுமதி கிடைக்கும். பணி முடிவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது 'சுயசான்று' என்ற வார்த்தை. நான் சொல்வதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். ஓடையை மறைத்தோ, அளவைக் குறைத்தோ, விடாத காலியிடத்தை விட்டதாகக் காட்டியோ வாங்கிய அனுமதி பிறகு ரத்தாகலாம். அப்போது அதிகாரி பார்த்துத்தானே கொடுத்தார் என்று சொல்ல முடியாது.

ஏற்கெனவே இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கு இந்த வழியா, வழக்கமான வழியா என்பதை விண்ணப்பிக்கும் முன் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எந்த வழியாக இருந்தாலும் பழைய வீட்டின் அளவையும் புது ரூமின் அளவையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

என்னென்ன கையில் வேண்டும்?

* பத்திரமும் வில்லங்கச் சான்றும்
* பட்டா, புலப்பட வரைபடம் (வருவாய்த்துறையின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம்)
* பழைய வீட்டுக்கு அனுமதி வாங்கியிருந்தால் அதன் நகல்
* நடப்பு ஆண்டு வரையிலான வீட்டு வரி ரசீது
* பழைய பகுதி, புதுப் பகுதி இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம், பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்தோடு
* இடத்தின் புகைப்படம், ஆதார்
* ரயில்வே, நெடுஞ்சாலை போன்றவை பொருந்தினால் அவற்றின் தடையின்மைச் சான்று

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தது. மூலப் பத்திரம் அந்தக் காலத்தது என்றால், இன்றைய சர்வே எண்ணோடு பொருந்துகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்ப்பது அவசியம். புது ரூமோடு மழைநீர் சேகரிப்பு அமைப்பும் வரைபடத்தில் இருக்கட்டும்.

எல்லை ஊர் என்பதால் ஒரு கூடுதல் எச்சரிக்கை: ஆரியங்காவு பக்கம் வேலை பார்க்கும் ஒப்பந்தக்காரர் கேரள விதியை வைத்துப் பேசலாம். அங்கே பஞ்சாயத்துக் கட்டட விதிகள் தனி. அந்த அளவு இங்கே செல்லாது.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன ஆகும்?

1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில், அனுமதியற்ற கட்டுமானத்தை அகற்றச் சொல்ல பிரிவு 56, வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் பிரிவு 57 இருக்கின்றன. "கட்டி இத்தனை வருஷம் ஆச்சு, யாரும் கேக்கல" என்பதும் கைகொடுக்காது. ரொம்ப நாள் ஆகிவிட்டது, பணம் செலவழித்துவிட்டோம், அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதெல்லாம் விதிமீறலைக் காப்பாற்றும் காரணம் ஆகாது என்று 2024 டிசம்பர் 17-ம் தேதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று அதற்கு முந்தைய மாதம், 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் பொது இடங்களில் இருக்கும் ஆக்கிரமிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எவை அவை? சாலை, தெரு, நடைபாதை, ரயில்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை. புளியறை மாதிரி ஊரில் வீட்டைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் இவைதானே!

இது போக, வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி அனுமதி வரைபடத்தைக் கேட்கும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார். வரைபடத்தில் இல்லாத ரூமுக்கு அங்கே மதிப்பு இருக்காது.

சரி, எந்த வரிசையில் செய்யலாம்?

முதலில் பட்டாவும் புலப்பட வரைபடமும். அடுத்து மேலே சொன்ன ஐந்து சரிபார்ப்பு. பிறகு பொறியாளரை இடத்துக்கே அழைத்து அளவெடுப்பது. அதன்பின் ஊராட்சி அலுவலகத்தில் பேசி, இணையத்தில் விண்ணப்பம், கட்டணம், அனுமதி ஆணை. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். இணையதளம் காட்டும் தொகையை மட்டும் கட்டி ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், வேறு யார் கையிலும் கொடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கூடிய பரப்புக்கு வீட்டு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சாரல் தொடங்குவதற்குள் கூரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலரும் அனுமதியைத் தாண்டிப் போகிறார்கள். வைகாசியில் வேலை முடியணும் என்றால் காகித வேலையைத் தை மாதமே தொடங்கிவிடுங்கள். அந்த நாலு மாசத்தைக் கொடுத்தால், கட்டுகிற ரூம் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் கேள்வி இல்லாமல் நிற்கும்.