கைப்பேசியில் ஒரு பௌதிகப் பாடம்

பெற்றோர்களே! பிள்ளை எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருந்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது, இல்லையா? அதே கைப்பேசியைக் கொண்டு பௌதிகம் கற்கலாம். எப்படி என்று பாருங்கள்.

திடலில் உதைத்த பந்து மேலே எழும்பி, வளைந்து, கீழே விழுகிறது. இதற்கு எறிபொருள் இயக்கம் என்று பெயர். ஆறாம் படிவப் பௌதிகத்தில் இது ஒரு முக்கியப் பாடம். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டதும் திகைத்துப் போகும். கண்ணால் கண்டு தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தத் திகைப்பு இராது.

முதலில் ஒரு சிறு சோதனை. மேசை விளிம்பிலிருந்து ஒரு 20 சென் காசைத் தூரமாகச் சுண்டிவிடுங்கள். அதே நொடியில், அதே உயரத்திலிருந்து இன்னொரு காசை நேரே கீழே விடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். பக்கவாட்டில் ஓடுவது வேறு, கீழே விழுவது வேறு. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

இனி வீடியோவுக்கு வருவோம். பல கைப்பேசிகள் வினாடிக்கு 30 படங்கள் எடுக்கின்றன. ஆகவே மூன்று படங்களுக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்.

ஒரு சிறு பந்தை மேசையிலிருந்து உருட்டிவிடச் சொல்லுங்கள். பந்து விழும் இடத்தை ஒட்டி ஒரு மீட்டர் கோலை நிறுத்துங்கள். கைப்பேசியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் ஆடாமல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு கணினித் திரையில் ஒரு கண்ணாடித்தாளை ஒட்டி, மூன்று படங்களுக்கு ஒரு முறை நிறுத்தி, பந்து இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். திரையில் மீட்டர் கோல் 20 சென்டிமீட்டராகத் தெரிந்தால், திரையின் 1 சென்டிமீட்டர் உண்மையில் 5 சென்டிமீட்டர். இதே வேலையைச் செய்ய ‘டிராக்கர்’ என்னும் இலவச மென்பொருளும் உண்டு.

புள்ளிகள் என்ன சொல்கின்றன? பக்கவாட்டில் இடைவெளிகள் ஏறக்குறைய சமம். கீழ்நோக்கியோ ஏறத்தாழ 5, 15, 25, 34 சென்டிமீட்டர் என்று கூடிக்கொண்டே போகும். அதாவது 1, 3, 5, 7 என்ற கணக்கு! அளவு சற்று முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் இறகுப்பந்தைப் பயன்படுத்தாதீர்கள். காற்று அதைத் தடுத்து, கணக்கைக் கெடுத்துவிடும்.

இந்த 1, 3, 5, 7 கணக்கைக் கண்டறிந்தவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. அவரிடம் வீடியோ ஏது? சாய்ந்த பலகையில் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை நிறுத்து நேரத்தை அளந்தார். எறிந்த பொருளின் பாதை பரவளைவு என்பதை விளக்கிய அவருடைய நூல் 1638-ல் வெளிவந்தது. அவர் அரும்பாடுபட்டுக் கண்டதை உங்கள் பிள்ளை ஒரு மாலைப் பொழுதில் வீட்டிலேயே கண்டுவிடலாம்.

நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, “பௌதிகம் நமக்கு ஒத்துவராது” என்று ஒதுங்கிவிடும் பிள்ளைக்குப் பின்னாளில் பொறியியல் போன்ற படிப்புகளின் கதவு அடைபட்டுப் போகலாம். அந்தப் பயத்தை இப்போதே போக்குங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மீட்டர் கோலைப் பிடித்துக்கொண்டு, “என்ன கண்டாய், சொல்” என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே பிள்ளைக்குப் பாடம் மனத்தில் பதிந்துவிடும்.