உடலில் பொருத்திய குழாயில் பூஞ்சைப் படலம்: தடுப்பது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்போர் சொட்டுநீர்க் குழாயின் தொல்லையை அறிவர். தெளிந்த நீரே ஓடினாலும், நாளடைவில் குழாயின் உட்புறத்தில் வழவழப்பான படலம் படிந்துவிடும். நீரை வேகமாகத் திறந்துவிட்டால் மட்டும் அது போய்விடாது. நோயாளியின் உடலில் நாங்கள் பொருத்தும் குழாய்களிலும் இத்தகைய படலம் உருவாகக்கூடும். பாக்டீரியாக்களைப் போலவே பூஞ்சைகளும் அதை உண்டாக்குகின்றன.

காண்டிடா என்னும் பூஞ்சை நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் தீங்கின்றி வாழ்கிறது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் வைக்கும் குழாய், சிறுநீர்க் குழாய், செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர் ஆகியவற்றில் அது ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒட்டிய சில மணி நேரத்தில் பெருகத் தொடங்கி, ஓரிரு நாள்களில் பசை போன்ற கவசத்தைத் தன்னைச் சுற்றி அமைத்துக்கொள்கிறது. இதனையே உயிர்ப்படலம் என்கிறோம்.

கவசத்துக்குள் இருக்கும் பூஞ்சையைப் புளூகோனசோல் போன்ற வழக்கமான மருந்துகளால் எளிதில் அடக்க இயலாது. ஆய்வகச் சோதனைகளில் இதற்கு நூறு மடங்குக்கும் மேற்பட்ட மருந்து தேவைப்படுவதுண்டு; அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. வேறு சில மருந்துகள் இதைவிடச் சிறப்பாகச் செயல்பட்டாலும், பெரும்பாலும் குழாயை அகற்றினால்தான் நோய் கட்டுப்படும். “குழாய் நன்றாகத்தானே வேலை செய்கிறது, ஏன் எடுக்க வேண்டும்?” என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. பூஞ்சை இரத்தத்தில் கலந்தால் கண்ணையும் இதய வால்வையும் தாக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நாங்கள் அகற்றச் சொல்வது இதனால்தான். 2009ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட காண்டிடா ஆரிஸ் என்னும் வகை பல மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மருத்துவமனைப் பொருள்களின் மேற்பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கவும் அதனால் முடியும்.

ஆகவே தடுப்பே சிறந்த வழி. அதில் பாதிப் பொறுப்பு எங்களுடையது, மீதி உங்களுடையது.

குழாயைத் தொடுமுன் எவராயினும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மருத்துவர், செவிலியர் கழுவாமல் தொட வந்தால் தயங்காமல் நினைவூட்டுங்கள். நாங்கள் வருந்த மாட்டோம். கழுத்துக் குழாயின் கட்டு நனையக் கூடாது. ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவியில் நீராடுவது நம் வழக்கம். குழாய் உள்ளவர்கள் அருவியிலும் ஆற்றிலும் குளிப்பதைத் தவிர்த்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்ள வேண்டும். குழாய் நுழையும் இடத்தில் மஞ்சள், திருநீறு, எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். கட்டு அவிழ்ந்தாலோ நனைந்தாலோ நீங்களே மாற்றாமல் உடனே டயாலிசிஸ் பிரிவுக்கு வாருங்கள்.

சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். ஆனால் தரையில் படக் கூடாது. குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைக் கழற்ற வேண்டாம். சிறுநீரில் பூஞ்சை இருப்பதாகச் சோதனை முடிவு வந்ததாலேயே எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. பலருக்குக் குழாயை எடுத்தாலே சரியாகிவிடும்.

மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி உண்பது குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துப் பூஞ்சைக்கு இடமளிக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் பாதுகாப்பே. நீண்டகாலம் டயாலிசிஸ் தேவைப்படுவோர், கையில் ஏ.வி. ஃபிஸ்டுலா அமைத்துக்கொள்வதைத் தள்ளிப்போடலாகாது. அது பயன்பாட்டுக்கு வரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அது தயாரானபின் கழுத்துக் குழாய்க்குத் தேவை இராது.

டயாலிசிஸ் தொடங்கியதும் குளிரும் நடுக்கமும் வந்தாலோ, குழாய் நுழையும் இடம் சிவந்து வலித்தாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மலைமேல் ஏலத்தோட்ட வேலையில் இருந்தாலும் அன்றே புறப்பட்டு வாருங்கள். மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனை செய்தால்தான், நோய்க்குக் காரணம் பாக்டீரியாவா பூஞ்சையா என்பதை எங்களால் அறிய முடியும்.

வார்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் எங்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: “இந்தக் குழாய் இன்றும் தேவையா?” தேவையில்லை என்றால் அன்றே எடுத்துவிடுவோம். எடுத்துவிட்ட குழாயில் படலம் வளர்வதில்லை.