பிள்ளையை வேளாண்மைக் கல்லூரியில் சேர்க்கலாமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் விவசாயிகளின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "நாம்தான் சேற்றில் உழல்கிறோம், பிள்ளையும் வேளாண்மை படித்து என்ன ஆகப் போகிறது?" என்பதே அது. பிள்ளையின் நான்கு ஆண்டுகளும் வீட்டுச் சேமிப்பும் இந்த முடிவில் அடங்கியிருக்கின்றன. ஆகவே விவரம் தெரிந்து முடிவு செய்வது நல்லது.

எங்கே படிக்கலாம்?

1868-ம் ஆண்டு சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி, பின்னர் கோவைக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்தது. 1971-ல் அதுவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. மதுரை, கிள்ளிகுளம் ஆகிய இடங்களில் வேளாண்மைக் கல்லூரிகளும், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும், மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரியும் இப்பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளன.

என்ன கற்றுத் தருகிறார்கள்?

நாம் வயலில் அன்றாடம் காண்பவைதான் பாடங்கள். இலை ஏன் மஞ்சளாகிறது என்பதை மண்ணியலும் பயிர் வினையியலும் சொல்கின்றன. குலை நோய் எப்படிப் பரவுகிறது என்பது பயிர் நோயியல். தண்டுத் துளைப்பானை எந்தப் பருவத்தில் கட்டுப்படுத்தலாம் என்பது பூச்சியியல். புதிய ரகங்களை உருவாக்குவது பயிர்ப் பெருக்கம்.

இக்கல்வியின் பயனுக்கு ஒரு சான்று கரும்பு. 1912-ல் கோவையில் அமைந்த கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில், கரும்பையும் காட்டு நாணலையும் ஒட்டுச் சேர்த்து கோ 205 என்னும் ரகத்தை உருவாக்கினார்கள். 1918-ல் வெளிவந்த அந்த ரகம் வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது.

வகுப்போடு படிப்பு முடிவதில்லை. மாணவர்கள் நாற்று நடவும் வேண்டும், களை எடுக்கவும் வேண்டும். கடைசி ஆண்டில் கிராமங்களில் தங்கி விவசாயிகளிடமே பாடம் கற்கிறார்கள்.

என்னென்ன வேலை?

அரசுத் தேர்வாணையம் மூலம் வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்குப் போகலாம். வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பதவிக்குத் தேர்வு எழுதலாம். விதை, உரம், பூச்சிமருந்து நிறுவனங்களிலும் வேலை உண்டு. முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்தால் ஆராய்ச்சி நிலையங்களில் விஞ்ஞானி ஆகலாம். எம். எஸ். சுவாமிநாதன் கோவைக் கல்லூரியில் படித்தவர்தான்.

சொந்தத் தொழில் தொடங்கவும் வழியுண்டு. வேளாண் பட்டதாரிகள் ஆலோசனை நிலையம் வைக்கப் பயிற்சியும் மானியக் கடனும் தரும் மத்திய அரசுத் திட்டம் 2002-ல் தொடங்கப்பட்டது. நாற்றுப் பண்ணை, விதை உற்பத்தி ஆகியவையும் கைகொடுக்கும்.

இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பும் இருக்கிறது. உதவி வேளாண்மை அலுவலர் பதவிக்கு அது தகுதியாகும். நான்கு ஆண்டு செலவு தாங்காத குடும்பங்கள் இதை யோசிக்கலாம்.

எச்சரிக்கை தேவை

பட்டம் வாங்கிய அனைவருக்கும் அரசு வேலை கிடைத்துவிடாது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். தனியார் கல்லூரியில் சேர்ப்பதற்காக நிலத்தை அடகு வைப்பதற்கு முன் பலமுறை யோசியுங்கள். கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டதுதானா என்பதைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். தமிழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை நடக்கிறது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இடம் உண்டு. இந்தச் சலுகையைத் தவறவிடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததுமே, பிளஸ் ஒன்னில் எந்தப் பாடப்பிரிவு எடுக்க வேண்டும் என்பதைப் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். உயிரியல் அல்லது தாவரவியல் இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பலர்.

மண்ணில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இப்படிப்பில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைக் கற்று வந்தால், வேலை எங்கே கிடைத்தாலும் நம் வயலுக்கும் பயன் உண்டு.