வலி நின்னுடுச்சா? அப்பவும் டாக்டரைப் பாருங்க!

கீழ்பென்னாத்தூரில் இருக்கிறீர்கள். ராத்திரியெல்லாம் கடைவாய்ப் பல் குடைகிறது. 'திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி, முன்னே பின்னே தெரியாத டாக்டர்கிட்ட போகணுமே' என்று கிராம்பைக் கடித்தே ரெண்டு வாரத்தை ஓட்டிவிடுகிறீர்கள்.

கிராம்பில் உள்ள யூஜினால் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், சொத்தையை ஆற்றாது. வலி மாத்திரையை ஈறில் வைத்து அடக்கவே கூடாது. ஈறு வெந்துவிடும்!

ஒருநாள் திடீரென்று வலி நிற்கும். 'அப்பாடா!' என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். வேர் நுனியில் சத்தமில்லாமல் சீழ் சேரும்.

புது டாக்டரிடம் வலி எப்போது தொடங்கியது, சூடு பட்டால் வலிக்கிறதா, ஜில்லென்று பட்டால் கூசுகிறதா என்று சொல்லுங்கள். சர்க்கரை, இதய நோய், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம், மருந்து அலர்ஜி... எதையும் மறைக்காதீர்கள். "பிடுங்கித்தான் ஆகணுமா, வேர் சிகிச்சையில காப்பாத்தலாமா? எவ்வளவு ஆகும்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முகம் வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லையா? அன்றைக்கே, அது நடுராத்திரியானாலும், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்!