இனிப்பு என்பதால் மலிவல்ல: மொசெல் ஆற்றங்கரையின் ரீஸ்லிங்

ஜெர்மனியின் வெள்ளை ஒயின் என்றாலே, இனிப்பானது, மலிவானது என்று ஒதுக்குபவர்கள் பலர். ஆனால், அங்கு விளையும் ரீஸ்லிங் திராட்சை உலகின் மிகச் சிறந்த வெள்ளை ஒயின் ரகங்களுள் ஒன்று. அதற்கு இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது?

பிராங்ஃபர்ட் நகருக்கு அருகிலுள்ள ருசெல்ஸ்ஹைமில், 1435ஆம் ஆண்டிலேயே ரீஸ்லிங் கொடிகள் வாங்கியதற்கான கணக்குக் குறிப்பு உள்ளது. 1787இல், ட்ரியர் பகுதியை ஆண்ட பேராயர் கிளெமென்ஸ் வென்சஸ்லாவுஸ், தரம் குறைந்த கொடிகளை அகற்றி நல்ல ரகங்களை நடுமாறு ஆணையிட்டார். அதன் பிறகு மொசெல் ஆற்றங்கரையில் ரீஸ்லிங் வேகமாகப் பரவியது.

அந்த ஆற்றங்கரைத் தோட்டங்கள் சமவெளியில் இல்லை. ப்ரெம் என்ற ஊரிலுள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்தானது. அங்கு டிராக்டர் ஏறாது. கொடிகளைக் கவாத்து செய்வதும் பழம் பறிப்பதும் கையால்தான். ஆனால் அந்தச் சரிவுதான் வெயிலை நேராக வாங்கித் தருகிறது. தரையிலுள்ள பலகைக் கற்கள் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் வெளிவிடுகின்றன. குளிர்ந்த நாடு என்பதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது. புளிப்பும் குறையாமல் நிற்கிறது. நொதித்தலை இடையில் நிறுத்தும்போது பழத்தின் சொந்த இனிப்பில் ஒரு பகுதி ஒயினிலேயே தங்கிவிடுகிறது.

கெட்ட பெயருக்குக் காரணம் வேறு. லீப்ஃபிராமில்க் போன்ற மலிவான இனிப்பு ஒயின்கள் பெருமளவில் ஏற்றுமதியாயின. அவற்றில் பெரும்பாலும் இருந்தது முல்லர் துர்காவ் போன்ற வேறு திராட்சை. 1971ஆம் ஆண்டுச் சட்டமும் குழப்பத்தைக் கூட்டியது. 'பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃஷென்' என்பது செங்குத்தான ஒரு தோட்டத்தின் பெயர். 'பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்' என்பதோ பல ஊர்களின் நிலங்களைச் சேர்த்த பொதுப்பெயர். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே, போத்தலில் முதலில் 'ரீஸ்லிங்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'ட்ராக்கன்' என்றிருந்தால் இனிப்பு மிகக் குறைவு. 'கபினெட்', 'ஷ்பேட்லேஸே', 'அவுஸ்லேஸே' ஆகியவை பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைக் குறிக்கின்றன. இவ்வகை ஒயின்களில் வெளிச்சர்க்கரை சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மதுச்சாரம் 8 அல்லது 9 விழுக்காடு என்றிருந்தால் ஒயின் இனிப்பாக இருக்கும். 12 விழுக்காட்டுக்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பு இருக்காது.

ஜெர்மானியர்கள் ட்ராக்கன் வகையை ஆற்று மீனுடனும், வசந்த காலத்து வெள்ளை அஸ்பாரகஸுடனும் பரிமாறுகிறார்கள். இனிப்பான கபினெட் காரமான தாய்லாந்து உணவுக்குப் பொருந்தும். மதுச்சாரம் கூடினால் மிளகாயின் எரிச்சலும் கூடும். இதில் மதுச்சாரம் குறைவு, இனிப்போ காரத்தைத் தணிக்கும். நம் வீட்டு மீன் கறிக்கும் இதே கணக்குதான். நன்றாகக் குளிர வைத்துப் பரிமாற வேண்டும். மதுச்சாரம் குறைவு என்பதற்காக இது குளிர்பானம் ஆகிவிடாது. அருந்தியவர் வாகனம் ஓட்டக்கூடாது.

கூலியும் உழைப்பும் அதிகமாவதால், மொசெலின் செங்குத்துத் தோட்டங்கள் பல கைவிடப்பட்டுவிட்டன. மலிவான போத்தலின் விலையில் அந்த உழைப்புக்குக் கூலி கட்டுப்படியாகாது. பெயரைப் படித்து வாங்குபவர்கள் இருந்தால்தான் அந்தச் சரிவுகளில் கொடிகள் நிலைக்கும்.