காட்டில் உயிர் தரிப்பது: கட்சால் தீவின் அனுபவம்

நம் சங்கத்தின் இளைஞர் பிரிவினர் வரும் குளிர்காலத்தில் புருலியா பக்கத்து அயோத்தியா மலையில் மூன்று நாள் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள். "சார், நீங்கள் காட்டிலெல்லாம் அளவை வேலை பார்த்தவர். காட்டில் மாட்டிக்கொண்டால் எப்படிச் சமாளிப்பது என்று நம் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும்" என்று செயற்குழுக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்கள். ஒடிசாவில் கோராபுட்–ராயகடா பாதை வேலையில் நான் சில காலம் முகாமில் இருந்தது உண்மைதான். ஆனால் எங்களுக்குச் சமையல்காரர் இருந்தார், ஜீப் இருந்தது, வாரம் தவறாமல் ரேஷன் வந்தது. அதைப் போய்க் காட்டு வாழ்க்கை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆகவே கட்சாலைப் பற்றி எழுதுகிறேன்.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் போனால், நிக்கோபார்த் தீவுகளின் நடுக் கூட்டத்தில் காமோர்ட்டாவுக்கு மேற்கே இருக்கிறது இந்தத் தீவு. பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். பழங்குடியினரைப் பாதுகாக்க 1956-ல் வந்த ஒழுங்குமுறையின்படி வெளியார் தனி அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. நிக்கோபாரியர்களின் தீவு என்றாலும் நம்மவர்களும் அங்கு உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் சில குடும்பங்களை அரசு அங்குள்ள ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தியது.

பலருக்குக் கட்சால் என்றால் 2000-ஆம் ஆண்டுப் பிறப்பின் சூரிய உதயம்தான் நினைவுக்கு வரும். கிரீன்விச் நேரப்படி புத்தாண்டு பிறக்கும் அதே வேளையில் அங்கே சூரியன் எழுகிறது என்று அப்போது பெரிய விளம்பரம் செய்தார்கள். கணக்கு சரிதான். கட்சால் ஏறக்குறைய கன்னியாகுமரியின் அட்சரேகையிலேயே இருக்கிறது. ஆனால் தீர்க்கரேகையில் சுமார் 16 பாகை கிழக்கே. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 64 நிமிடம். கன்னியாகுமரியில் 6.35-க்கு எழும் சூரியன் கட்சாலில் 5.30-க்கே எழுந்துவிடும். எல்லாருக்கும் ஒரே இந்திய நேரம் என்பதால் மாலையிலும் அதே வித்தியாசம் உண்டு. டிசம்பரில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் அடைந்துவிடும். மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டு. கடிகாரத்தை நம்பிக் காட்டுக்குள் நடப்பவன் ஏமாறுவான். கல்கத்தாவில் இருக்கும் நமக்கும் இது ஓரளவு பொருந்தும்.

அந்த விளம்பரம் நடந்து ஐந்தாம் ஆண்டு முடியும் தறுவாயில், 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29-க்குச் சுமத்ராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த கட்சாலின் மக்கள்தொகை 2011-ல் 2,700-க்கும் கீழே வந்துவிட்டது. இதற்கு மேல் அந்தக் கணக்கை விரிக்க எனக்கு மனம் வரவில்லை.

2016-ல் என் மகள் போர்ட் பிளேரில் வங்கி வேலையில் இருந்தாள். விடுப்பில் அவளிடம் போயிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். மாத்தளைப் பக்கம் பிறந்து, சிறுவனாக அகதிக் கப்பலில் வந்து, கட்சாலில் ரப்பர் பால் வெட்டியவர். நான் அவரை அண்ணன் என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். அவர் சொன்னதைத்தான் இளைஞர்கள் கேட்க வேண்டும்.

"நிக்க முடியல்ல தம்பி. பிள்ளையெல்லாம் தவழ்ந்து வெளிய வந்துச்சு. நிக்கோபாரிப் பெரியவர் ஒருத்தர் மேல போ, மேல போன்னு கத்திக்கிட்டே ஓடினார். நாங்களும் ஓடினோம்" என்றார். அவ்வளவுதான் அங்கே கிடைத்த எச்சரிக்கை. சென்னைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நிக்கோபாரில் நிமிடக் கணக்கு. நிற்க முடியாத அளவுக்கு, வெகுநேரம் நிலம் ஆடினால் அந்த ஆட்டமேதான் சங்கு. எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

அவருடைய தம்பியும் ஏறியவர்தான். முதல் அலை வடிந்ததும், வீட்டில் இருந்த பணத்தையும் ரேஷன் கார்டையும் எடுத்து வருகிறேன் என்று இறங்கிப் போனார். திரும்பவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு இலங்கையின் பெரலிய ரயில் நினைவுக்கு வந்தது. அதே நாள், கொழும்பிலிருந்து காலி வழியாகப் போகும் வண்டி முதல் அலையில் நின்றுபோனது. ஊர் மக்கள் பலர், கனமான வண்டி அசையாது என்று நம்பி அதில் ஏறினார்கள். அதன் மறைவிலும் நின்றார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு வண்டி கடந்து போய்விட்டது என்பதற்காக லைன் கிளியர் என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் எடுத்துக்கொள்ள மாட்டார். அலையும் அப்படித்தான். பல மணி நேரம் வந்துகொண்டே இருக்கும். முதல் அலைதான் பெரியது என்ற விதி இல்லை.

மேட்டில் ஏறிய பிறகுதான் காட்டு வாழ்க்கை தொடங்குகிறது. சினிமாவில் காட்டுவது போல முதல் கவலை புலியோ பாம்போ அல்ல, தண்ணீர். கிணறுகளில் கடல் புகுந்துவிட்டது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவ்வளவு அடர்த்தியாக உப்பைப் பிரித்து வெளியேற்ற மனிதச் சிறுநீரகத்தால் ஆகாது. ஒரு லிட்டர் குடித்தால் அதைக் கழிக்க உடம்பு ஒன்றரை லிட்டருக்கும் மேல் இழக்கும். வெப்ப நாட்டில் தண்ணீரின்றி மூன்று நாள் தாங்குவதே கடினம். சோறின்றி வாரக்கணக்கில் தாங்கலாம். இந்த வரிசையை மறந்து, உணவைத் தேடி அலைந்து வியர்வையை வீணாக்குகிறவர்களே அதிகம்.

அண்ணனும் கூட்டத்தாரும் இளநீரை நம்பினார்கள். ஒரு காய்க்குக் கால் லிட்டருக்குக் குறையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறேழு காய் வேண்டும். அதையே குடித்துக்கொண்டிருந்தால் வயிற்றைக் கலக்கும் என்பதால் மழைநீரையும் பிடித்தார்கள். எதில் தெரியுமா? பால் பிடிக்க ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில்! கடப்பாறை இல்லாமல் தேங்காய் உரிக்க, கூராகச் சீவிய கம்பை மண்ணில் நட்டுக் குத்தித் திருகினார்கள். வெட்டுக்கத்தி மொத்தம் இரண்டுதான். அவற்றைப் பெண்களிடம் கொடுத்து வைத்தார்களாம், தொலையாமல் இருக்க.

நெருப்புக்கு அவர் சொன்ன வழி எனக்குப் புதிது. மரப் பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துப் பற்றவைத்தால், ஈர விறகும் அதன் சூட்டில் பிடித்துக்கொள்ளும். தென்னையின் பன்னாடையும் பாளையும் அடுத்த கட்டம். ரப்பர் புகை கறுப்பாக எழும்பும். ஹெலிகாப்டருக்கு அது நன்றாகத் தெரியும். இளைஞர்கள் பழைய சைக்கிள் டியூபில் நான்கு துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டால் இதே பயன் கிடைக்கும். அடையாளத் தீ மூட்டுவதானால் திறந்த வெளியில் மூன்றாக மூட்டவேண்டும். ஒன்று சமையல் என்று தோன்றும், மூன்று என்றால் ஆபத்து என்பது உலக வழக்கம். அகலப் பாதையில் தடை ஏற்பட்டால் நாங்களும் 1,200 மீட்டர் தள்ளி, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் வைப்போம். கேங்மேன்கள் அதைப் பட்டாசு என்பார்கள்.

இரவில் ஓடைக் கரையில் படுக்கவில்லை. நிக்கோபாரில் உப்புநீர் முதலை உண்டு. பவளப் பாறை கிழித்த காயங்களைக் காய்ச்சி ஆறிய நீரால் கழுவினார்கள். கொசுவுக்குப் புகைதான். தாழைப் பழம் நிக்கோபாரியர்களின் முக்கிய உணவு. ஆனால் அதை வெகுநேரம் வேகவைத்து, கூழாகச் சுரண்டி எடுக்கத் தெரியவேண்டும். அந்த வித்தை தெரிந்த பாட்டி ஒருவர் கூட்டத்தில் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

கிரேட் நிக்கோபாரில் 9 பேர் 38 நாள் காட்டில் திரிந்து, 2005 பிப்ரவரித் தொடக்கத்தில் மீட்கப்பட்டார்கள். தேங்காயும் காட்டுப்பன்றியும் அவர்களைக் காப்பாற்றின. பத்திரிகைகள் அதை அதிசயம் என்று எழுதின. நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் அந்த மண்ணில் பிறந்தவர்கள், பிரியாமல் சேர்ந்தே இருந்தார்கள். நகரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளில் ஒருவரை அங்கே தனியாக விட்டால், கையில் எத்தனை விலையுயர்ந்த கத்தி இருந்தாலும் கதை வேறு.

அதனால் அயோத்தியா மலைக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரே நிபந்தனை: உள்ளூர் ஆள் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், அவர் "வேண்டாம்" என்றால் கேளுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வழி தவறினால் அங்கேயே உட்காருங்கள். தேடுகிறவர்களுக்கு அது சுலபம். சாகசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் அந்த வயது இருந்தது.

2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது நிக்கோபாருக்கும் எச்சரிக்கை போனது. அப்போது கட்சாலில் இருந்த தன் மருமகனிடம், எச்சரிக்கை எப்போது கிடைத்தது என்று அண்ணன் கேட்டாராம். "தெரியாது மாமா, நாங்க அதுக்கு முந்தியே மேல ஏறிட்டோம்" என்றானாம்.