சராசரி மறைக்கும் சிற்றூர்

ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று என்று அறிக்கை கூறுகிறது. இனி அங்கு அந்நோய் பரவாது என்று நீங்கள் முடிவு கட்டலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நோய் பரவும் விதத்தைக் கணக்கில் அடக்கும் முயற்சி புதியதன்று. 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்டு ராஸ். கொசுக்களை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா மறையும் என்று அவர் பின்னர்க் கணித வழியில் காட்டினார். 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர் மக்களை நோய் பற்றக்கூடியவர், நோயுற்றவர், நோயிலிருந்து விலகியவர் என மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு மக்கள் மாறும் வேகத்தைச் சமன்பாடுகளாக எழுதினர். 1905-06இல் பம்பாயில் நேர்ந்த பிளேக் சாவுகளோடு அவற்றை ஒப்பிட்டும் பார்த்தனர். இத்தகைய சமன்பாடுகளையே கணித மாதிரி என்கிறோம்.

தட்டம்மைக்கு வருவோம். எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத இடத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு அது தொற்றும் என்பது வழக்கமான மதிப்பீடு. நாம் 15 என்று கொள்வோம். தடுப்பூசி முழுப் பாதுகாப்புத் தருவதாகவும், குழந்தைகள் தத்தம் ஊருக்குள்ளேயே பழகுவதாகவும் வைத்துக்கொள்வோம்.

நம் கற்பனை வட்டாரத்தில் 1,000 குழந்தைகள். நகரில் 900 பேர். அவர்களில் 890 பேருக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. மலையடிவாரச் சிற்றூரில் 100 பேர். அங்கு 60 பேருக்கே போடப்பட்டது. மொத்தம் 950. அறிக்கை பொய் சொல்லவில்லை!

ஆனால் சிற்றூரில் நூற்றுக்கு 40 பேருக்குப் பாதுகாப்பில்லை. 15இல் நூற்றுக்கு 40 பங்கு என்றால் 6. அதாவது, ஒருவரிடமிருந்து 6 பேருக்கு நோய் தொற்றும். நகரிலோ இந்த எண் 1க்கும் மிகக் குறைவு. நோய் தானே அடங்கிவிடும்.

இன்னும் 10 ஊசிகள் கையில் உள்ளன என்போம். நகரில் போட்டாலும் சிற்றூரில் போட்டாலும் சராசரி 96தான். ஆனால் நகரில் போட்டால் சிற்றூரின் எண் 6ஆகவே நிற்கும். சிற்றூரில் போட்டால் அது 4.5 ஆகக் குறையும். அங்கு இன்னும் 24 பேருக்குப் போட்டால் 0.9 ஆகி, நோய் பரவ வழியற்றுப் போகும். ஊசி எங்கே முதலில் செல்ல வேண்டும் என்பதை மாதிரி இவ்வாறு காட்டுகிறது.

சிற்றூர் ஏன் பின்தங்கியது? சுகாதார நிலையம் தொலைவில் இருக்கலாம். ஊசி போடும் நாளில் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடலாம். இந்தக் காரணங்களை மாதிரி சொல்லாது. ஊருக்குப் போய்த்தான் கேட்டறிய வேண்டும். பிழைப்புத் தேடி ஊர் ஊராகச் செல்லும் குடும்பத்தின் குழந்தை பதிவேட்டில் இல்லையென்றால், மாதிரியிலும் இராது.

2014 டிசம்பரில் இந்திய அரசு தொடங்கிய இந்திரதனுஷ் இயக்கம், தடுப்பூசி விடுபட்ட குழந்தைகள் மிகுந்த 201 மாவட்டங்களை முதலில் தேர்ந்தெடுத்தது. விடுபட்டோரை நாடிச் செல்வதே அதன் நோக்கம்.

ஆகவே, நூற்றுக்கு இத்தனை என்று அடுத்த முறை படிக்கும்போது, எஞ்சியவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்றும் கேளுங்கள்.